லாயின் அரசன் கொடுத்த பிணை

அயர்லாந்தில் ஒரு காலத்தில் ஐந்து நாடுகள் இருந்தன. அந்த ஐந்தும் இப்போது அமெரிக்காவின் பிரிட்ஜ்வாட்டரில், கிரீஷ் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல், டிவி வந்த அட்டைப்பெட்டியை வெட்டிச் செய்த பலகையில் கிடந்தன. வடக்கே உலாத். கிழக்கே லாயின். தெற்கே மூமு. மேற்கே கொனாக்ட். நடுவில் மீதே.

கிரீஷ் அமெரிக்கா வருவதற்கு முன் டப்ளினில் வேலை பார்த்தவன். மற்றவர்கள் அங்கிருந்து ஸ்வெட்டரும் சாக்லேட்டும் கொண்டு வந்தார்கள். அவன் பழைய அரசர்களைக் கொண்டு வந்தான். விளையாட்டு அவனே யோசித்தது, விதிகளும் அவன் வைத்தவைதான். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் ஐந்து பேர் ஐந்து அரசர்களாக உட்காருவார்கள். கொனாக்ட் கிரீஷுக்கு. மூமு அவன் மனைவி மானஸாவுக்கு. உலாத், பக்கத்து ஊரான எடிசனிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வரும் செழியனுக்கு. லாயின் மதனுக்கு. மதனின் மனைவி ஓவியாவுக்கு மீதே.

"எனக்கு மட்டும் ஏன் நடுவுல?" என்று முதல் நாளே கேட்டிருந்தாள்.

"யாராவது இருக்கணுமே. அயர்லாந்துல மாகாணத்துக்கு இன்னிக்கும் 'அஞ்சுல ஒண்ணு'ன்னுதான் பேரு. ஆனா இருக்கிறது நாலு. அஞ்சாவதா இருந்தது மீதே. சுத்தி இருந்தவங்க பங்கு போட்டுப் பங்கு போட்டு, கடைசியில அது ஒரு தனி மாகாணமாவே இல்லாம போச்சு."

"சூப்பர். செத்துப்போன நாட்டுக்கு நான் ராணி."

அன்று எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

இந்த ஞாயிறு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் அவளைக் காட்டிக்கொடுத்திருந்தார். யார் என்று தெரியாமல் அவளால் கொண்டைக்கடலையைக்கூட நகர்த்த முடியவில்லை. கொண்டைக்கடலைதான் இந்த விளையாட்டில் மாடு. அந்தக் கால அரசர்களுக்கு மாடுதான் செல்வம், மாடு கவர்வதுதான் போர் என்று கிரீஷ் சொல்வான். வறுத்த கடலை என்பதால் செழியன் அவ்வப்போது தன் செல்வத்தைத் தின்றுவிடுவான்.

"டேய், மாட்டைத் தின்னாதடா. அப்புறம் பஞ்சம் வந்து அழுவ."

"என் நாடு, என் மாடு, மச்சி."

நடந்தது இதுதான். ஓவியா ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை செய்தாள். ஆறே ஆண்டு செல்லும் அவளுடைய ஹெச்-ஒன்பி வேலை விசா ஐந்தாவது ஆண்டில் இருந்தது. ஜனவரிக்குள் கம்பெனி கிரீன் கார்டுக்கு ஃபைல் பண்ணாவிட்டால் விசா முடியும்போது பெட்டி கட்ட வேண்டியதுதான். மதன் அமெரிக்காவில் இருப்பதும் அவள் விசாவை ஒட்டித்தான். ஆக, பெட்டி இரண்டு. கம்பெனியோ இதோ அதோ என்று இழுத்துக்கொண்டிருந்தது. அதனால் பாஸ்டனில் ஒரு கம்பெனியின் இன்டர்வியூவுக்குப் போனாள். அதை இந்த மேசையில், இந்த நான்கு பேரிடம் மட்டும்தான் சொன்னாள்.

அடுத்த வாரமே மேனேஜர் அனந்தராமன் அவளைக் கூப்பிட்டார். ஆபீஸில் அவர் அனந்த். கோயிலில் பார்த்தால் அங்கிள்.

"பாஸ்டன் போறியாமே? போறவங்களுக்கு நாங்க ஏன்மா ஃபைல் பண்ணணும்? நீ டிசைட் பண்ணு. அதுவரைக்கும் ஹோல்ட்ல இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்து அழுதாள். மதன் அவள் தோளில் கை வைத்தான். பிறகு, "கிரீஷாத்தான் இருக்கும். அவனும் உங்க கம்பெனிதானே," என்றான்.

அவளும் அப்படித்தான் நினைத்தாள். கிரீஷுக்கு வேறு டிபார்ட்மென்ட், ஆனால் கேன்டீன் ஒன்றுதான். நினைத்தாளே தவிர, கேட்கவில்லை. அவளுக்கு யாரையும் நேருக்கு நேர் கேட்டுப் பழக்கமில்லை.

பாஸ்டன் கம்பெனி கைவிரித்துவிட்டது. அடுத்து பிலடெல்பியாவில் ஒரு கம்பெனி வேலை தர முன்வந்தது. சேர்ந்தவுடன் ஃபைல் பண்ணுவதாகவும் சொன்னது. இந்தத் திங்கள் போய் அடுத்த திங்களுக்குள் பதில் வேண்டும். அங்கேயிருந்து ஒரு தகுதிச் சரிபார்ப்பு பாக்கி இருந்தது. அது முடிவதற்குள் விஷயம் அனந்தராமன் காதுக்குப் போனால் இருக்கிற வேலைக்கும் ஆபத்து, வரப்போகிற வேலைக்கும் ஆபத்து. யாரிடம் வாயை மூட வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஆய்வகத்தில் எங்கே கசிகிறது என்று தெரியாதபோது ஒவ்வொரு குழாயிலும் ஒவ்வொரு நிறம் விடுவார்கள். வெளியே எந்த நிறம் வருகிறதோ அந்தக் குழாயில் ஓட்டை. கிரீஷின் விளையாட்டு அதற்கு வசதியாக இருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கு முன்னாலும் அரசர்கள் இரண்டிரண்டு பேராக ஒதுங்கிப்போய் ரகசியம் பேசலாம். உடன்படிக்கை என்றால் தன் மகனை மற்றவரிடம் பிணையாகக் கொடுக்க வேண்டும். மகன் என்பது செஸ் சிப்பாய். பிணையைக் கொடுத்துவிட்டு வாக்கை மீறினால் சிப்பாய் சாகும்.

"மதன், உன் ஆளு இதுல பெரிய கை," என்றான் கிரீஷ் பலகையை நேராக்கியபடி. "லாயின் ராஜா டர்மட். கொனாக்ட் ராஜா ரூரிகிட்ட பையனைப் பிணையா குடுத்தான். குடுத்துட்டு, வெளிநாட்டுப் படையைக் கூட்டிட்டு வந்து சண்டைக்குப் போனான். ரூரி பையனைக் கொன்னுட்டான்."

"ஐயையோ," என்றாள் மானஸா.

"நாடு கிடைச்சுதா?" என்றான் செழியன்.

"கிடைச்சுது. அடுத்த வருஷமே செத்துட்டான்."

"பிணைய கொன்னதுக்கு ரூரியத் திட்டு. எங்காள ஏன் திட்டுற?" என்றான் மதன்.

முதலில் கிரீஷ். கராஜில் சைக்கிள்களுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில் நின்றார்கள். அவன் விளையாட்டைப் பற்றியே பேசினான். மீதேயும் கொனாக்டும் சேர்ந்தால் லாயின் காலி என்றான்.

"கிரீஷ், வேற ஒண்ணு சொல்லணும். சான் டியேகோல ஒரு ஆஃபர் வந்திருக்கு."

அவன் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகம் அவளுக்குப் பிடிக்கவில்லை. "செம! ஆனா ஆபீஸ்ல மூச்சு விடாத. அனந்துக்குக் காது நீளம்," என்றான்.

காது நீளம் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டாள்.

மானஸாவிடம் வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்த அறையில் ஹூஸ்டன் என்றாள். மானஸா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்போ? எப்போ போறீங்க?" என்று இரண்டு தடவை கேட்டாள். எதற்கு இரண்டு தடவை?

செழியனிடம் வீட்டின் பின்பக்க மரத்தள டெக்கில் நின்று சிகாகோ என்றாள். "சிகாகோவா? உறைஞ்சு போயிடுவ," என்றவன் உடனே போனை எடுத்து எதையோ தட்டினான். எட்டிப் பார்த்தாள். சிகாகோவில் அப்போதைய குளிர் என்ன என்று பார்த்துக்கொண்டிருந்தான். அப்படிக் காட்டிக்கொண்டானோ என்று அடுத்த சுற்று முழுவதும் யோசித்தாள்.

மதனிடம் எதையும் மாற்றிச் சொல்லவில்லை. பிலடெல்பியாவைப் பற்றி, ஆஃபர் வந்த அன்றே அவனுக்குத் தெரியும். ஆய்வகத்தில் ஒரு குழாயை எதுவும் கலக்காமல் வைப்பார்கள். மற்றவற்றை அதோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்கள். மதன் அந்தக் குழாய். அதை அவள் யோசித்து முடிவு செய்யக்கூட இல்லை.

அன்று விளையாட்டில் மீதே முதல் சுற்றிலேயே பாதி மாட்டை இழந்தது.

வியாழக்கிழமை அனந்தராமன் அவளுடைய மேசைப் பக்கம் வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தமிழில் பேசினார். தமிழில் பேசினால் அது கம்பெனி விஷயம் இல்லை என்று அர்த்தம்.

"பிலடெல்பியா நல்ல ஊருதான்மா. ட்ராஃபிக்தான் ஜாஸ்தி. நமக்கும் அங்க ஃப்ரெண்ட்ஸ் நிறைய பேர் உண்டு."

சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டே போனார்.

அவள் கையுறையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். வெறும் குழாயில் நிறம் வந்தால் முதலில் கருவியைச் சந்தேகப்பட வேண்டும், அடுத்து தன் கையை. ஆபீஸிலிருந்து யாருடனாவது பேசினோமா? இல்லை. எல்லாப் பேச்சும் பார்க்கிங்கில், காருக்குள், கண்ணாடியை ஏற்றிவிட்டு. பிலடெல்பியாக்காரர்களே சொல்லியிருப்பார்களா? அவர்களுக்கு அனந்தராமன் பெயரே தெரியாது. கருவி சரியாக இருந்தது. கையும் சுத்தம்.

சாயங்காலம் மதன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கு அனந்த் அங்கிள் ஏதாவது சொன்னாரா?"

ஐந்து வருடக் கல்யாண வாழ்க்கையில் அவன் அவளுடைய மேனேஜரைப் பற்றி விசாரித்ததே இல்லை.

"இல்லையே. என்ன சொல்லணும்?"

"சும்மாதான் கேட்டேன்." கத்தி நிற்கவில்லை.

வெள்ளியும் சனியும் ஒரே வீட்டில் ஒற்றனோடு குடியிருப்பதுபோல் கழிந்தன. அவன் பாத்ரூமுக்கு போனை எடுத்துக்கொண்டு போனால் கவனித்தாள். எடுக்காமல் போனாலும் கவனித்தாள். சனிக்கிழமை காலை எப்போதும்போல் கோயில் கேன்டீனில் பரிமாறக் கிளம்பினான். அவன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. அனந்தராமன் சனிக்கிழமை தவறாமல் கோயிலுக்கு வருபவர். புளியோதரைக்கு வரிசையில் நிற்பவர்.

"நானும் வரட்டுமா?" என்றாள்.

"நீ எதுக்கு? ரெஸ்ட் எடு." அவசரமாகச் சொன்னான்.

கேட்டுவிடலாம். கேட்டால் பதில் வந்துவிடும். பதில் வந்த பிறகு இதே வீட்டில் இருக்க வேண்டும். அவள் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஐந்து நாடுகள். மறுநாளைக்குள் பிலடெல்பியாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். தகுதிச் சரிபார்ப்பு முடிந்துவிட்டதாக அன்று காலையில்தான் மெயில் வந்திருந்தது. மதனிடம் அதைச் சொல்லவில்லை.

மூன்றாவது சுற்றில் செழியன் உலாத் படையோடு மீதேயின் வடக்கு எல்லைக்குள் புகுந்தான்.

"சிகாகோ மகாராணிக்குச் சண்டையில கவனமே இல்ல. மாடு எல்லாம் எனக்குத்தான்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் மானஸா ஏற்கெனவே நிமிர்ந்துவிட்டாள்.

"சிகாகோவா? ஹூஸ்டன்னு சொன்னியே, ஓவி?"

கிரீஷ் கையிலிருந்த சிப்பாயைக் கீழே வைத்தான். "எங்கிட்ட சான் டியேகோ."

  மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 

முதலில் கிரீஷுக்குத்தான் புரிந்தது. "டெஸ்ட் பண்ணியிருக்கா," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. ஏதோ ஒரு விதியைப் படித்துக் காட்டுகிறவன்போலச் சொன்னான். "ஆளுக்கு ஒரு ஊரு. எது அனந்து வாயில இருந்து வருதுன்னு பாக்க."

"எங்களையா?" என்றாள் மானஸா.

"எனக்கு வேற வழி தெரியல." ஓவியா மெல்லச் சொன்னாள். "பாஸ்டன் விஷயம் இந்த மேசையைத் தவிர வேற எங்கயும் சொல்லல."

"மதனுக்கு எந்த ஊரு சொன்ன?" என்றான் கிரீஷ்.

"நிஜ ஊரு."

"அனந்து எந்த ஊரைச் சொன்னாரு?"

அவள் மதனைப் பார்த்தாள். மதன் லாயினைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நிஜ ஊரை."

செழியன் மெதுவாகக் கடலைக் கிண்ணத்திலிருந்து கையை எடுத்தான்.

"நல்லதுக்குத்தான் பண்ணேன்," என்றான் மதன். யாரும் கேட்காததால் அவனே தொடர்ந்தான். "சென்னையில நாங்க எல்லாரும் இப்படித்தான் பண்ணுவோம். வெளியில ஆஃபர் இருக்குன்னு மேனேஜர் காதுல லைட்டா போட்டு வெச்சா, அடுத்த நாளே ஹைக் வரும். அந்த மாதிரி, இவங்களும் பயந்து போய் சீக்கிரம் ஃபைல் பண்ணிடுவாங்கன்னு நெனச்சேன். கோயில் கேன்டீன்ல அங்கிளுக்கு சாதம் போடும்போது சும்மா ஒரு வார்த்தை. அவ்ளோதான்."

"இங்க அது மாதிரி இல்லடா," என்றான் செழியன்.

"இப்ப தெரியுது."

"ஃபைல ஹோல்ட்ல போட்ட பிறகுமா பிலடெல்பியாவைச் சொன்ன?" என்றாள் ஓவியா. ஊரின் பெயரை முதல் தடவையாக அந்த மேசையில் சொன்னாள்.

"பாஸ்டன் வெறும் இன்டர்வியூ. இது கையில இருக்கிற ஆஃபர். இதுக்காவது அசைவாருன்னு…"

"அன்னிக்கு நான் அழுதுட்டு வந்தப்ப, கிரீஷ்னு சொன்னியே, மதன்."



"என்னையா?" கிரீஷ் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. "என் பேரையா குடுத்த?"

"வேற யார் பேரைடா சொல்றது? உன் மேல அவளுக்கு மரியாதை ஜாஸ்தி. உன்னோட அவ சண்டைக்கு வரமாட்டா. கொஞ்ச நாள்ல அதுவா ஆறிடும்னு நெனச்சேன். உனக்கு ஒண்ணும் ஆயிருக்காது."

"ஒண்ணும் ஆகல," என்றான் கிரீஷ். பிறகு ஓவியாவின் பக்கம் திரும்பினான். "அவன் சொன்னான், சரி. நீ நம்பின. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, ஓவியா?"

 கேட்டிருக்கலாம். கராஜில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்றபோது கேட்டிருக்கலாம். அவன் முகம் மலர்ந்தது அவளுக்காகத்தான் மலர்ந்திருக்கிறது.

மானஸா எழுந்து நின்றாள். உட்கார்ந்தாள். "ஹூஸ்டன்ல என் சித்தி பொண்ணு இருக்கா. நம்ம ஊர்க் கடைங்க இருக்கிற ஹில்கிராஃப்ட் பக்கத்துலயே வீடு. உங்களுக்கு அபார்ட்மென்ட் பாக்கச் சொல்லலாம்னு போனை எடுப்பேன், நீ யார்கிட்டயும் சொல்லாதன்னு சொன்னது ஞாபகம் வரும், வெச்சிடுவேன். ஒரு வாரமா என் புருஷன்கிட்டகூட சொல்லல. நீ போறியேன்னு பாத்ரூம்ல அழுதேன், லூசு மாதிரி. இல்லாத ஊருக்கு."

"மானஸா…"

"ஒண்ணும் சொல்லாத."

மதன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். "போலாம், ஓவி. வீட்டுல போய்ப் பேசிக்கலாம்."

"வீட்டுல பேசினதுதான் வெளியில போச்சு."

அவள் எழுந்திருக்கவில்லை. போனை எடுத்து அந்தக் காலை மெயிலைத் திறந்தாள். வேலையை ஏற்றுக்கொள்ளும் இடத்தில் பெயரைத் தட்டச்சு செய்தாள். ஒரு தடவை எழுத்து தப்பாகிவிட்டது. அழித்து மறுபடியும் அடித்தாள். எதிரே மதன் எட்டிப் பார்க்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் பாதி எழுந்த நிலையில் நின்றான். அவன் இந்த நாட்டில் இருப்பதும் அந்த விரலில்தான் இருந்தது.  அவள் அவனிடம் கேட்கவில்லை.

"அனுப்பிட்டேன்," என்றாள். "பிலடெல்பியா. அடுத்த மாசம் ஜாயின் பண்றேன். இங்கேருந்துதான் டிரைவ் பண்ணப்போறேன். வீடு மாறல. நாளைக்கு நானே அனந்துகிட்ட சொல்லிடுவேன். இனிமே யாரும் எதையும் மறைக்க வேணாம்."

அவள் அவ்வளவு நீளமாக அந்த மேசையில் பேசியதே இல்லை. யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தாள்.

"நிஜமாவே பிலடெல்பியாதானா?" என்றான் கிரீஷ்.

கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டான். தெரியாததால் கேட்டான்.

ஓவியா போனை அவன் பக்கம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை. மானஸா ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தாள். நீட்டிய கை அப்படியே நின்றது. கடைசியில் செழியன்தான் குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, திரையைக் கீழே வரை தள்ளிப் படித்தான்.

"பிலடெல்பியாதான்டா," என்றான் மற்றவர்களிடம்.

கிரீஷ் தலையை ஆட்டினான். அவள் சொன்னபோது ஆட்டாத தலை.